இடைக்காலம் என்னும் நெடுங்காலம்

எண்ணூரில், கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் கழியுமாகக் கிடக்கும் நெட்டுக்குப்பத்தில், கணவனைப் பிரிந்து தாய்வீடு வந்து சேர்ந்த ஒரு பெண் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஒரு நாள் தன் ஆறு வயதுக் குழந்தைக்குத் தலைவாரிப் பூச்சூட்டி, கத்திவாக்கத்தில் மின்சார ரயில் ஏறி, கடற்கரை நிலையத்தில் இறங்கி, நியாயஸ்தலம் குறித்துக் கொடுத்த இடத்தில், குறித்துக் கொடுத்த நேரத்தில், தன்னை அடித்தான் என்று பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட்டுச் சொல்லியிருக்கும் அதே மனிதனிடம் அவள் அந்தக் குழந்தையை ஒப்படைத்துவிட்டு, மாலை வரையில் எங்கேயாவது காத்திருந்து திரும்ப அழைத்துக்கொண்டு வருகிறாள். இது எந்தத் தனி வழக்கின் கதையும் அன்று. குடும்ப வழக்குகளில் சிறிது பழகியவர்கள் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்பார்கள். ஆனால் வியப்பதற்கு ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. அவன் அடித்தானா இல்லையா என்ற கேள்விக்கு நியாயஸ்தலம் இன்னும் விடை சொல்லவில்லை. குழந்தை போகவேண்டும் என்ற உத்தரவு மட்டும் முன்னதாக வந்துவிட்டது.

பிரிந்த பெற்றோரிடையே குழந்தை யாரிடம் வளர்வது, மற்றவர் எப்போது எப்படிப் பார்ப்பது என்று நம் நியாயஸ்தலங்கள் நிர்ணயிக்கும் முறையை, கொடுமைக் குற்றச்சாட்டு எழுந்த வழக்குகளில் வைத்து எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம். அந்த முறையின் மேல் பழி சுமத்துவது எளிது. ஆயினும் அது எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் அதன் குறையைச் சொல்வது நேர்மையாகாது.

1890-ஆம் வருஷத்துக் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டம், பெயரிலேயே காப்பாளரை முன்னும் காக்கப்படுபவரைப் பின்னும் வைத்துப் பிறந்தது. அக்காலத்து எண்ணத்தில் குழந்தை என்பது தந்தையின் அதிகாரத்துக்கு உட்பட்ட ஒரு ஜீவன். தாய்க்கு அன்பு உண்டு, அதிகாரம் இல்லை. 1956-இல் வந்த இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டமும் தந்தையை முதல் இயற்கைக் காப்பாளராகவும், ‘அவருக்குப் பின்’ தாயையும் வைத்தது. ஆனால் அதே சட்டம், 5 வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்கவேண்டும் என்றும், குழந்தையின் நலமே தலையாய கருத்து என்றும் இரண்டு வாக்கியங்களைத் தன்னுள் வைத்திருந்தது. பிற்பாடு வந்த நீதிபதிகள் பற்றிக்கொண்டு ஏறிய படிகள் அவ்விரண்டுமே. சென்னையிலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ஒரு கிறிஸ்தவத் தம்பதியின் வழக்கில், 1973-இல், குழந்தைகள் பெற்றோருடைய உடைமையும் அல்லர், விளையாட்டுப் பொருளும் அல்லர் என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. ‘அவருக்குப் பின்’ என்ற சொற்களுக்குத் தந்தையின் மரணத்துக்குப் பின் என்று மட்டும் பொருள் கொள்ளவேண்டியதில்லை, அவர் பொறுப்பில் இல்லாதபோதும் என்று கொள்ளலாம் என 1999-இல் அதே நீதிமன்றம் விளக்கியது. சட்டத்தின் எழுத்தை மாற்றாமலே அதன் சுபாவத்தை மாற்றிய இந்தத் திறமையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

கொடுமை பற்றிய வழக்குகளிலும் பெருமைப்படத்தக்க தீர்ப்புகள் உண்டு. 1992-இல், மனைவி இயற்கைக்கு மாறாக இறந்துபோக, கொடுமைக் குற்றச்சாட்டுக்கு ஆளாகியிருந்த தந்தை ஒருவர் தம் குழந்தைகளைக் கேட்டு வந்தபோது, நீதிபதிகள் அக்குழந்தைகளைத் தனியே அழைத்துப் பேசினார்கள். தாய்மாமனிடமே இருக்கிறோம் என்று அவர்கள் சொன்னதை மதித்து அவ்வாறே விட்டார்கள். 2008-இல், மனைவியின் மரணத்துக்காகக் குற்றம் சாட்டப்பட்டிருந்த ஒரு கணவரிடம் சிறுவனை ஒப்படைக்கக் கீழ் நீதிமன்றங்கள் உத்தரவிட்டிருந்த வழக்கில், நிலுவையிலிருக்கும் குற்றவழக்கு அலட்சியம் செய்யத்தக்கதன்று, காப்பாளராக வர விரும்புபவரின் நடத்தையை ஆராய்ந்தே தீரவேண்டும், சிறுவனின் விருப்பத்தையும் கேட்கவேண்டும் என்று கூறி, உச்ச நீதிமன்றம் அவ்வுத்தரவை நீக்கியது.

சட்டமும் பின்தங்கி நிற்கவில்லை. 2006 அக்டோபரில் அமலுக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், தன் 21-ஆம் பிரிவில், குழந்தையைத் தற்காலிகமாகப் பாதிக்கப்பட்டவளிடம் ஒப்படைக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தந்தது. எதிர்மனுதாரர் வந்து பார்ப்பது குழந்தையின் நலனுக்குத் தீங்காகலாம் என்று மாஜிஸ்திரேட் கருதினால், அந்தச் சந்திப்பை மறுத்தே ஆகவேண்டும் என்று கட்டளையாகவே அது சொல்கிறது. தீங்கு நிச்சயமாக நேரும் என்று நிரூபிக்கச் சொல்லவில்லை. நேரலாம் என்பதே போதும் என்கிறது. இதைக் காட்டிலும் தெளிவாக ஒரு சட்டம் பேசமுடியாது.

இவ்வளவு நல்ல சட்டமும் இவ்வளவு நல்ல தீர்ப்புகளும் இருந்தும், நாம் முதலில் கண்ட பெண் ஏன் ரயில் ஏறுகிறாள்? நம் நியாயஸ்தலங்களின் குறை அவற்றின் கொள்கையில் இல்லை, அவை காரியங்களைச் செய்யும் வரிசையில் இருக்கிறது என்பதே என் அபிப்பிராயம். பிள்ளை தந்தையைப் பார்க்கவேண்டும் என்பதை முதலில் தீர்மானிக்கிறார்கள். தந்தையைப் பார்ப்பதில் ஆபத்து உண்டா என்பதைக் கடைசியில் தீர்மானிக்கிறார்கள். முதலாவது ஓர் இடைக்கால மனுவின் மேல், இரண்டு பக்கத்து அபிடவிட்டுகளைப் படித்து, ஒருவரையும் கூண்டில் ஏற்றாமல், சில வாய்தாக்களில் முடிகிறது. இரண்டாவதற்குச் சாட்சி விசாரணை வேண்டும், குறுக்கு விசாரணை வேண்டும், வருஷங்கள் வேண்டும். இறுதித் தீர்ப்பு வரும்போது குழந்தை வளர்ந்துவிடுகிறது. ஆகவே பெயரளவில் இடைக்காலமாக இருப்பது, அந்தக் குழந்தையின் பாலியப் பருவம் முழுவதையும் ஆளும் தீர்ப்பாகிறது.

இங்கே சட்டத்திலேயே ஒரு விசித்திரம் இருக்கிறது. 2001-இல் இந்து விவாகச் சட்டத்தைத் திருத்தியபோது, வழக்கு நடக்கும் காலத்தில் குழந்தையின் பராமரிப்புச் செலவுக்கும் படிப்புக்கும் போடும் மனுவைக் கூடியவரை 60 நாளுக்குள் முடிக்கவேண்டும் என்று சேர்த்தார்கள். குழந்தை எவரிடம் இருப்பது என்ற மனுவைப் பற்றி அந்த வாசகம் பேசவில்லை. பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு அவசரம் காட்டிய சட்டம், அந்தச் சம்பளத்தைக் கட்டிப் பள்ளிக்கு அனுப்பப்போகிற வீடு எது என்பதற்கு அவசரம் காட்டவில்லை. வன்முறைச் சட்டம் முதல் வாய்தாவை 3 நாளுக்குள்ளும் முடிவை 60 நாளுக்குள்ளும் எதிர்பார்க்கிறது என்றாலும், அந்த எதிர்பார்ப்பு நடைமுறையில் என்ன ஆகிறது என்பதை நீதிமன்றத் தாழ்வாரங்களில் காத்துக்கிடப்பவர்கள் அறிவார்கள்.

இந்த வரிசைத் தவறுக்குப் பின்னால் ஒரு நல்லெண்ணமும் இருக்கிறது. இரு பெற்றோரின் அன்பும் குழந்தையின் உரிமை என்றும், மிகக் கடுமையான சந்தர்ப்பத்தில் மட்டுமே ஒருவரிடமிருந்து குழந்தையை முற்றிலும் விலக்கலாம் என்றும், விலக்கினால் காரணம் எழுதவேண்டும் என்றும் 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாதாரணமான பிணக்குகளுக்கு இது பொன்னான விதி; கோபத்தினால் குழந்தையை ஒளித்துவைக்கும் தாய்மாரும் தந்தைமாரும் நம்மிடையே ஏராளம். ஆனால் அதே விதியைக் கொடுமை வழக்கில் ஆராயாமல் பொருத்தினால், சந்திப்பை மறுக்க மட்டும் காரணம் எழுதவேண்டும், அநுமதிக்கக் காரணம் வேண்டாம் என்றாகிவிடுகிறது. ஓய்வு கிடைக்காத நீதிபதிக்கு, காரணம் எழுதவேண்டாத உத்தரவே கைக்கு வருவதில் ஆச்சரியம் என்ன?

2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் பிறந்த ஓர் உத்தரவை இங்கே நினைக்கலாம். குழந்தையைப் பார்க்க வரும் பிரிந்த கணவரை விருந்தினராகக் கருதி, காப்பியும் சிற்றுண்டியும் தந்து, குழந்தையோடு அமர்ந்து உண்ணச் செய்து உபசரிக்கவேண்டும் என்று தனி நீதிபதி ஒருவர் மனைவிக்குக் கூறினார். குழந்தையின் கண் முன்னே வெறுப்பு நடமாடக்கூடாது என்ற அவருடைய கவலை உண்மையானது. பின்னர் இருவர் அமர்வு அப்பகுதியை நீக்கிவிட்டது. கணவனும் மனைவியும் ஒருவரோடொருவர் எப்படிப் பழகவேண்டும் என்பது அந்த வழக்குக்கு வேண்டாத விஷயம் என்று அது கருதியது. திருத்தம் சரியே. எனினும் முதல் உத்தரவின் மனோபாவம், காப்பி என்ற சொல் இல்லாமலே, பல உத்தரவுகளில் வாழ்கிறது. பண்பு இருந்தால் போதும், பிணக்கு ஆறிவிடும் என்பதே அது. அடிபட்டவளுக்கும் அடித்தவனுக்கும் இடையில் இருப்பது பிணக்கு அன்று, பயம். பயத்துக்கு உபசாரம் மருந்தாகாது.

இனி மறுபக்கத்தைப் பார்க்கவேண்டும். பாராவிட்டால் இது திறனாய்வு ஆகாது. குற்றச்சாட்டு எல்லாம் உண்மை என்று கொள்வதற்கு இடமில்லை. 2019 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்த ஒரு போக்சோ வழக்கில் (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டத்தின்படி வந்த வழக்கில்), தந்தை தன் மகளிடம் தகாத முறையில் நடந்தார் என்று தாய் புகார் கொடுத்திருந்தாள். அச்சிறுமியே அதை மறுத்தாள். குழந்தையைத் தன்வசம் வைத்துக்கொள்ளவே அப்புகார் எழுந்தது என்று கண்ட நீதிபதி, வழக்கை ரத்து செய்து, பொய்ப் புகாருக்காகத் தாயின் மேல் நடவடிக்கை எடுக்கவும் கூறினார். கேரளத்திலோ 2020 டிசம்பரில் இதற்கு நேர்மாறானது நடந்தது. தந்தையிடம் இருந்த மகனின் பெயரால் எழுந்த புகாரில் தாய் கைதாகிச் சிறை சென்றாள். 2021 ஜனவரியில் உயர் நீதிமன்றம் ஜாமீன் தந்தது. சிறப்புப் புலனாய்வுக் குழு அப்புகாரை ஆராய்ந்து, அது பொய் என்ற முடிவுக்கு வந்தது.

இவ்விரண்டையும் காட்டி, ‘பார்த்தீர்களா, கஸ்டடிக்காக எதையும் சொல்வார்கள்’ என்று பேசுகிற வழக்கறிஞர்கள் உண்டு. நான் இவற்றிலிருந்து காண்பது வேறு. பொய்க் குற்றம் சுமத்தப்பட்டவருக்கும் உண்மையாகவே அடிபட்டவருக்கும் தேவை ஒன்றே: உண்மை விரைவில் வெளிவரவேண்டும். குற்றமற்ற தந்தை தன் குழந்தையின் முகத்தைக் காணாமல் கழித்த ஒவ்வொரு மாதமும் அநியாயம். குற்றமுள்ள தந்தையிடம் குழந்தை போய்வந்த ஒவ்வொரு ஞாயிறும் அநியாயம். இரண்டு அநியாயத்துக்கும் தாய் ஒருத்தியே. அவள் பெயர் தாமதம். பட்சபாதம் எந்தப் பக்கம் என்று வாதிடுவதிலேயே நாம் காலம் கடத்துகிறோம். இரு பட்சத்தாரையும் வாட்டுவது விசாரணையின்மையே என்பதைக் கவனிப்பதில்லை.

விசாரணை இல்லாத அந்த வெற்றிடத்தில்தான் சித்தாந்தங்கள் குடியேறுகின்றன. ஒரு பெற்றோர் குழந்தையின் மனத்தில் மற்றவர் மீது வெறுப்பை ஊட்டுகிறார் என்ற கருத்துக்கு, 1985-இல் அமெரிக்க மனோவைத்தியர் ரிச்சர்ட் கார்ட்னர் ஒரு நோயின் பெயரைச் சூட்டினார். 2017-இல் நம் உச்ச நீதிமன்றமும் அக்கருத்தை எடுத்தாண்டு, தந்தையிடம் வளர்ந்த ஒரு சிறுமியைத் தாயிடம் ஒப்படைத்தது. ஆகவே அது எப்போதும் தாய்க்கு எதிரான ஆயுதம் என்று சொல்வதற்கில்லை. பிள்ளைக்கு விஷம் ஊட்டும் பெற்றோர் இல்லை என்றும் எவரும் சொல்லமாட்டார். ஆனால், ‘அப்பாவிடம் போகமாட்டேன்’ என்று ஒரு குழந்தை அழுதால், அந்த அழுகைக்குக் காரணம் ஊட்டிய வெறுப்பா, பட்ட அடியா என்று பிரித்தறியும் வேலையை அந்தப் பெயர் செய்துவிடாது. செய்துவிட்டதாக ஒரு மயக்கத்தை மட்டும் தரும். 2023-இல் ஐக்கிய நாடுகள் சபையின் சிறப்பு அறிக்கையாளர் ரீம் அல்சலேம் எச்சரித்ததும் இதைத்தான்: கொடுமையைச் சொல்லும் தாய் பொய் சொல்பவளாகவும், பயப்படும் குழந்தை ஏவப்பட்டதாகவும் காட்டப்பட இக்கருத்து பயன்படுகிறது என்று அவர் கூறினார்.

அந்நிய தேசங்களும் இதில் இடறி விழுந்து எழுந்தவையே. 2006-இல் பெற்றோர் இருவருக்கும் சமப் பொறுப்பு என்ற அநுமானத்தை ஆஸ்திரேலியா சட்டமாக்கியது. வன்முறை இருந்தால் அது பொருந்தாது என்று விலக்கும் வைத்தது. இருந்தும் அந்த அநுமானத்தின் நிழல் நீண்டதைக் கண்டு, 2023-இல் இயற்றி 2024 மே மாதம் அமலுக்குக் கொண்டுவந்த திருத்தத்தால் அதையே எடுத்துவிட்டது. இங்கிலாந்தின் நீதித்துறை அமைச்சகம் நியமித்த நிபுணர் குழு 2020 ஜூனில் தந்த அறிக்கை, எப்படியாவது சந்திப்பு நடக்கவேண்டும் என்ற பண்பாடு நீதிமன்றங்களில் ஊறியிருப்பதையும், குற்ற வழக்கு, குடும்ப வழக்கு, குழந்தை நலத் துறை என்று ஒவ்வொன்றும் தனித்தனிச் சுவருக்குள் இயங்குவதையும் குறைகளாகக் கண்டது. 2015-இல் நம் சட்ட ஆணையம் தன் 257-ஆம் அறிக்கையில் கூட்டுப் பொறுப்பைப் பரிந்துரைத்தது. அதைக் கொண்டாடுகிறவர்கள், பிறர் எதைக் கைவிட்டார்கள் என்பதையும் படித்துவிட்டுக் கொண்டாடலாம்.

சுவர்கள் நம்மிடமும் உண்டு. அடித்ததற்கு மாஜிஸ்திரேட், குழந்தைக்குக் குடும்ப நீதிமன்றம், பாலியல் புகாரானால் போக்சோ சிறப்பு நீதிமன்றம், இவற்றுக்கெல்லாம் முன்னே மகளிர் காவல் நிலையம். மனைவியை எவ்வகையிலும் தொடர்புகொள்ளக்கூடாது என்று ஒரு நீதிமன்றம் தடை போட்டிருக்க, வாரந்தோறும் குழந்தையை அவளிடமிருந்து வாங்கிக்கொள் என்று இன்னொன்று சொல்லக்கூடும்; முதலாவது மூடிய கதவை இரண்டாவது திறக்கிறது. வன்முறைச் சட்டத்தின் நிவாரணங்களைக் குடும்ப நீதிமன்றத்திலேயே கேட்கலாம் என்று 26-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. ஆயினும் வழக்குக் கட்டுகள் தனித்தனியே ஏறுகின்றன; அதே குழந்தை அதே கதையை, வேறு வேறு மேசைகளின் முன் திரும்பத் திரும்பச் சொல்கிறது.

மத்தியஸ்தத்தையும் குறிப்பிடவேண்டும். 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தொடங்கிய சமரச மையம் நாட்டுக்கே முன்மாதிரியானது. அங்கே இரு தரப்பாரும் ஒரே மேசையில் அமர்ந்து பேசித் தீர்த்துக்கொண்ட வழக்குகள் ஆயிரம் வாய்தாக்களை மிச்சப்படுத்தியிருக்கும். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவனின் புருவம் உயர்ந்தாலே பேச்சு நின்றுவிடும் பெண்ணுக்கு, அந்த ஒரே மேசை சமமான மேசை ஆகாது. அவள் இடும் கையெழுத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வதற்கு முன், தனியே அழைத்து ஒரு வார்த்தை கேட்பது மத்தியஸ்தரின் கடமை.

கடைசியாக, ஊரும் தொழிலும். நெட்டுக்குப்பத்தைப் போன்ற கடற்கரைக் குப்பங்களில் குடும்பத் தகராறு முதலில் வருவது ஊர்ப் பெரியவர்களின் முன்னேதான். அவர்களுக்கு அந்த வீடு தெரியும். குடித்துவிட்டு வருகிறவன் யார், கூச்சல் எந்த ராத்திரி கேட்டது என்பதெல்லாம் தெரியும். பஞ்சாயத்துக்கு ரயில் செலவும் இல்லை, வக்கீல் பீஸும் இல்லை. ஆனால் அங்கே உட்கார்ந்து பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவனுக்குப் பங்காளிகளோ, அவனோடு ஒரே படகில் போகிறவர்களோ. வேறு குப்பத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்கு அந்தக் கூட்டத்தில் அண்ணன் தம்பி கிடையாது. ஊர் வீட்டை அறியும், ஆனால் விலகி நிற்க அறியாது. நியாயஸ்தலமோ விலகி நிற்க அறியும், வீட்டை அறியாது. வார இறுதியில் 10 மணி முதல் 5 மணி வரை என்று அது எழுதும் உத்தரவு, மாதச் சம்பளக்காரரின் வாரத்தை மனத்தில் வைத்து எழுதியது. காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போய்ப் பல நாள் கடலில் தங்குகிறவனுக்கு ஞாயிறும் இல்லை, திங்களும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் அவன் முழுநாளும் கரையில் இருப்பான். பள்ளி விடுமுறையும் அப்போதுதான். குற்றமற்ற தந்தை அந்தக் காலத்தில் பிள்ளையோடு நிறைய இருக்கலாம். குற்றமுள்ளவனானால், வருமானமில்லாத அந்த மாதங்களிலேதான் வீட்டில் ஆபத்து அதிகம். இந்த இரண்டையும் அறிந்து எழுதும் உத்தரவுக்கும், அச்சடித்த படிவம் போன்ற உத்தரவுக்கும் உள்ள தூரம், நெட்டுக்குப்பத்துக்கும் நீதிமன்றம் இருக்கும் பாரிமுனைக்கும் உள்ள தூரத்தைவிடப் பெரிது.

நான் கேட்பது புதிய சட்டத்தை அன்று. கொடுமைக் குற்றச்சாட்டு எழுந்தால், சந்திப்பு மனுவைக் கையிலெடுக்கும் முன், அந்த ஒரே கேள்வியின் மேல் மட்டும், சில வாரங்களுக்குள், வாய்ச் சாட்சியத்தோடு ஒரு சுருக்கமான விசாரணை நடக்கட்டும். இறுதித் தீர்ப்பாக வேண்டாம், ஆபத்து உண்டா என்று கண்டு எழுதினால் போதும். சாட்சியச் சட்டத்தின் கட்டுக்களைத் தளர்த்த 1984-ஆம் வருஷத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டமே இடம் கொடுக்கிறது. அந்தச் சில வாரங்களில் சந்திப்பு வேண்டுமானால், மூன்றாமவர் ஒருவரின் கண்காணிப்பில், குழந்தை வாழும் ஊரின் பள்ளிக்கூடத்திலோ அங்கன்வாடியிலோ, தாயும் தந்தையும் எதிர்ப்படாத வகையில் நடக்கலாம். குழந்தையின் சொல்லை, அதற்குப் பயின்ற ஒருவர் ஒரே முறை கேட்டுப் பதிந்து, எல்லா நீதிமன்றங்களும் அதையே எடுத்துக்கொள்ளட்டும். அநுமதிக்கும் உத்தரவுக்கும் மறுக்கும் உத்தரவுக்கும் ஒரே அளவில் காரணம் எழுதட்டும். மறுபரிசீலனைத் தேதி ஒன்றை உத்தரவிலேயே குறிக்கட்டும்.

இவ்வளவு அவகாசமும் ஆட்களும் நியாயஸ்தலங்களுக்கு ஏது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் முதலில் செலவிடாத அவகாசத்தைப் பின்னால் பத்து மடங்காகச் செலவிடுகிறோம் என்பதையும் எண்ணவேண்டும். நெட்டுக்குப்பத்தார் தங்கள் முகத்துவாரத்தில் இதைக் கண்கூடாக அறிந்தவர்கள். அங்கே மணல் ஒரு நாளில் வந்து அடைப்பதில்லை. தினம் கொஞ்சமாகச் சேர்ந்து, இன்று அகற்றுவோம், நாளை அகற்றுவோம் என்றிருக்கையிலே மேடாகி, பிறகு ஆறும் கடலும் ஒன்றையொன்று தொடமுடியாமல் போகிறது. வாய்தாவுக்குப் பின் வாய்தாவாக ஒரு குழந்தையின் வழக்கில் சேர்வதும் அப்படிப்பட்ட மணல்தான். இறுதித் தீர்ப்பு என்ற இயந்திரத்தை எத்தனை பெரிதாகக் கொண்டுவந்து நிறுத்தினாலும், அதற்குள் அந்தக் குழந்தை மணல்மேட்டின் மேலேயே நடந்து பழகி, பெரியதாகிப் போயிருக்கும்.